பிடி இல்லாத நாற்காலி

எனக்கு கேம் விளையாட வராது மேடம். போனில் மிட்டாய்களை வரிசையாக உடைக்கிற விளையாட்டைக்கூட இரண்டாம் நாளே அழித்துவிட்டேன். அதனால் இளஞ்செழியனும் கவிநிலாவும் சேர்ந்து செய்த கேமைப் பற்றி நான் சொல்வதில் பிழை இருந்தால் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சரியாகச் சொல்வேன். வந்ததும் உட்காரச் சொன்னீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். உங்களிடம் பொய் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

செழியனை ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். உப்பளத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. எங்கள் வகுப்பு மாடியில் இருந்தது. அவனை முதுகில் சுமந்து ஏற்றியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஒரு நாள் பிரேயரில் ஹெட்மாஸ்டர் என்னை முன்னால் அழைத்து நிறுத்தி, "இவனப் பாத்துக் கத்துக்கோங்க" என்றார். அதற்கு முன்னால் எவரும் என்னை எதற்காகவும் முன்னால் அழைத்ததில்லை. படிப்பிலும் சுமார், கபடியிலும் சுமார். அன்றைக்குப் பிறகு எல்லா ஆசிரியர்களுக்கும் ராஜ்கமல் என்ற பெயர் தெரிந்தது. தெருவில் போனால் "செழியனத் தூக்கற புள்ள" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பெரியவனான பிறகும் அப்படியே தொடர்ந்தது. எங்கள் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் பாட்டில் கம்பெனியில் வேலை. காலை நேரம் செழியனுக்கு என்பதால் இரண்டாம் ஷிஃப்டைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் பெண் பார்த்தார்கள். காலையில் எங்கே போவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து போன் வரவில்லை. நான் வருத்தப்படவில்லை.

காலையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்டீர்கள். அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அந்த ஆளுக்குத் தெரியாது. நமக்கு மரத்துப்போகும், நகர்ந்து உட்காருவோம். அவனுக்கு அந்தத் தகவலே வராது. தோல் கெட்டுவிடும். அதனால் அரை மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். தினமும் யாராவது அவன் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் அவன் அன்றைக்கு உட்காரவே கூடாது. சின்ன வயதில் அவன் அம்மா அஞ்சலாட்சி பார்த்தார். மீசை முளைத்ததும் அவனுக்குக் கூச்சம் வந்துவிட்டது. அம்மாவும் விடிந்ததும் கான்வென்ட் சமையலறைக்கு வேலைக்குப் போய்விடுவார். அதனால் நான். குளிப்பாட்டித் துடைக்கும்போது, "எப்பிடிடா இருக்கு?" என்பான். "சுத்தமா இருக்கு" என்பேன். எங்களுக்குள் அது காலை வணக்கம் மாதிரி.

கவிநிலா பிள்ளைச்சாவடிப் பெண். படம் வரைகிறவர்கள் கூடுகிற ஏதோ இணையக் குழுவில் செழியனுக்குப் பழக்கம். இவன் வரைவான், அவள் கணினியில் அதை நடமாட வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவாள். இருவரும் செய்தது ஒரு விண்வெளி கேம். நானூறு வருஷம் கழித்து ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது. அதன் கேப்டன் பெயர் ஆழி. செழியன் சொந்தமாக உருவாக்கிய பாத்திரம். அவள் வீல்சேரில் இருப்பாள்.

ஆழியின் படத்தை முதலில் எனக்குத்தான் காட்டுவான் என்று நினைத்தேன். அவளுக்குக் காட்டியிருந்தான்.

படத்தை அவர்களுடைய குழுவில் போட்டதும் பெரிய விவாதம் வந்தது. நானூறு வருஷம் கழித்து ஊனம் என்று ஒன்று இருக்குமா, மருத்துவம் அதற்குள் எல்லாவற்றையும் குணமாக்கியிருக்காதா, இது அறிவியலுக்கே பொருந்தாது என்று ஒருவன் எழுதினான். கவிநிலா அதைச் சத்தமாகப் படித்தாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

"அவன் சொல்றது சரிதானடா. குணமாக்கிட்டுக் கதைய நடத்தேன். எதுக்கு அப்பவும் சேர்லயே உக்கார வைக்கற?" என்றேன்.

செழியன் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நடக்கறவன் எல்லாம் அந்தக் கப்பல்ல மெதந்துகினு கெடப்பான். ஆழிக்குக் காந்த சக்கரம் இருக்கு, தரைய புடிச்சிகினு போவா. அங்க யாருடா ஊனம்?"

"அதுக்கில்லடா. நீ குணமானா எப்பிடி இருக்கும்னு ஒரு ஆசை இருக்காதா?"

"நான் குணமாவறதுக்காக காத்துகினு இல்லடா ராஜு. உனக்கு அப்பிடித் தோணுதா?"

எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எதற்கோ காத்திருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அந்தப் பெண்ணின் முன்னால் சொல்லவில்லை.

பிறகு கவிநிலா, ஆழி இன்னும் கொஞ்சம் கெட்டவளாக இருக்கட்டும் என்றாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றட்டும், பொய் சொல்லட்டும், யாரையாவது காதலித்துக் கைவிடட்டும். "வீல்சேர்ல இருக்கறதால தங்கமானவளா இருக்கணுமா? எனக்கு அப்பிடி ஒரு ஆளத் தெரியாது" என்று செழியனைப் பார்த்துச் சொன்னாள். அவன் சிரித்தான். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவன் கெட்டவனாக இருக்கலாம் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எழுதி அனுப்பலாம் என்றார்கள். நானும் எழுதினேன். பெயர் மாறன். கப்பலில் கதவுகள் பூட்டிக்கொள்ளும்போது கேப்டனை முதுகில் சுமந்து காப்பாற்றுகிறவன். நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். கவிநிலா மரியாதையாகத்தான் படித்தாள். கேலி செய்யவில்லை. படித்துவிட்டு, "அண்ணா, மாறனுக்கு இன்னா வேணும்? ஆழியத் தூக்கறதத் தவிர அவனுக்குன்னு ஒரு ஆசை கீசை இருக்கா?" என்று கேட்டாள்.

நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் அப்படி எதுவும் இல்லை.

"தூக்கட்டுமான்னு ஆழிகிட்ட அவன் மொதல்ல கேட்டானாடா?" என்றான் செழியன். விளையாட்டாகத்தான் சொன்னான். மாறனைக் கப்பலில் சேர்க்கவில்லை.

அன்றைக்குத்தான் ஆழியின் நாற்காலியைச் சரியாகப் பார்த்தேன். பின்னால் தள்ளுகிற பிடி இரண்டும் இல்லை. வரைய மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "மறக்கல. புடி இருந்தா எவனாச்சும் தள்ளுவான்" என்றான். நான் தேநீர் போட உள்ளே போனேன்.

கேமை ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டது. வந்த முன்பணத்தில் செழியன் புதுச் சேர் வாங்கினான். எடை குறைவு. பிடி இல்லை. உட்காருவதற்குக் காற்று நிரப்பிய ரப்பர் குஷன், ஓரத்தில் சின்னதாக ஒரு வால்வு. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடற்கரைச் சாலையை நடக்கிறவர்களுக்கு விடுவார்கள் இல்லையா, கம்பெனி விடுமுறை நாளில் அங்கே அவனைக் கூட்டிப்போவது என் வேலை. அப்படி ஒரு நாள் வீட்டுக்குப் போனேன், அவன் இல்லை. கடற்கரைக்குப் போனேன். தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான். அவள் பக்கத்தில் சுண்டல் தின்றபடி நடக்கிறாள். அவள் கை சேரைத் தொடக்கூட இல்லை. தொட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் கூப்பிடவில்லை. பழைய கலங்கரை விளக்கம் வரை பின்னாலேயே போனேன். அவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவனே சொன்னான். கேமை முடித்ததும் சென்னையில் ஒரு கண்காட்சியில் காட்டப் போகிறார்கள். அப்படியே பெங்களூரில் இருவருக்கும் வேலை. "அம்மா இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு சந்தோஷம்டா. நீயும் இனிமே உன் பொழப்பப் பாக்கலாம். நிம்மதிதானே?" என்றான். என் நிம்மதிக்காக அவன் கவலைப்பட்டான். அவன் நல்லவன் மேடம், நான் எப்போதும் சொல்வதுதான்.

கேமை முடிக்கிற அவசரத்தில் நாள் முழுக்கக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வேலையில் மூழ்கினால் உடம்பைத் தூக்கி இறக்க மறந்துவிடுவான். நான்தான் நினைவுபடுத்துவேன். நினைவுபடுத்துவதை நிறுத்தினேன். அவனே பார்த்துக்கொள்கிற ஆள் என்று ஆகிவிட்ட பிறகு நான் சொல்வது மரியாதையாக இருக்காது.

ஒரு காலையில் சிவப்பைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை.

"எப்பிடிடா இருக்கு?" என்றான்.

"சுத்தமா இருக்கு" என்றேன்.

அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஆனால் சொன்ன பிறகு எனக்குள் ஒரு அமைதி வந்தது. ஒரு மாதம் அவன் படுத்திருக்க வேண்டி வந்தால் போதும். சென்னை தள்ளிப்போகும். பெங்களூர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். நான் ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு அவன் கூடவே இருப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்.

பிறகு தோல் உரிந்தது. குழி விழுந்தது. நான் அலட்சியமாக இருக்கவில்லை. வெந்நீர் காய்ச்சி ஆற வைத்து, பஞ்சால் துடைத்து, பவுடர் போட்டேன். துணியில் கறை பட்டால் அம்மா பார்ப்பதற்கு முன்னால் நானே துவைத்தேன். வாடை வந்தபோது அறையில் ஊதுபத்தி ஏற்றி வைத்தேன். அவன் தினமும் கேட்டான், நானும் தினமும் அதையே சொன்னேன். பொய் சொன்னேன் என்று கவிநிலா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். யோசித்துப் பாருங்கள். என் கையால் துடைத்த இடம். சுத்தமாகத்தான் இருந்தது.

அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தேன். கவிநிலாவுக்கு ஊதுபத்தியை மீறி வாடை தெரிந்திருக்கிறது. என்னிடம் கேட்காமல் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் நான் போனபோது குப்புறப் படுத்திருந்தான். கையில் போன். தானே கையைப் பின்னால் நீட்டிப் படம் எடுத்திருக்கிறான்.

"ராஜு, இது இன்னாடா?"

படத்தைப் பார்த்தேன். "போன்ல எடுத்தா பெருசாத்தான் தெரியும்" என்றேன்.

"உள்ள எலும்பு தெரியுதுடா."

நான் வெந்நீர் வைக்கப் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என்னிடம் அவன் பயந்து பேசி அதுவரை கேட்டதில்லை.

"எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

நான் ஒரு ஊதுபத்தியை எடுத்து ஏற்றினேன். அவன் மறுபடி கேட்கவில்லை. போனில் கவிநிலாவைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் நிற்கும்போதே அவளைக் கூப்பிட்டான்.

விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சதையை வெட்டி எடுத்தார்கள், எலும்பில் கொஞ்சம் சுரண்டினார்கள். பிழைத்துக்கொண்டான். இனி எத்தனை மாதம் கழித்து உட்காரலாம் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. குப்புறப் படுத்தபடியே கேமை முடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கண்காட்சியில் அவள் காட்டினாளாம், இவன் கட்டிலில் இருந்து போன் வழியாகப் பேசினானாம். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அதிக நேரம் உட்கார்ந்ததால் வந்த புண், அதை நான் மறைத்தேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவனே சொல்லியிருக்க முடியாது, அவனுக்கு அது தெரியாது. பெங்களூர்ப் பேச்சு வந்த மறுநாளே, சிவப்பு வருவதற்கு முன்னாலேயே, குஷனின் வால்வைத் திறந்து காற்றை விட்டேன். முழுவதும் இல்லை, அவன் கண்டுபிடிக்காத அளவுக்கு. அதன்பின் தினமும் காலையில் அவனைக் குளியலறையில் உட்கார வைத்துவிட்டு வந்து இன்னும் கொஞ்சம். கடைசியில் அவன் வெறும் பலகையின் மேல்தான் உட்கார்ந்திருந்தான். அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நான் அவனைப் பார்க்க வரக்கூடாது என்று அவனே சொன்னதாகச் சொல்கிறீர்கள். காய்ச்சலில் சொல்லியிருப்பான், பக்கத்தில் அவள் இருந்திருப்பாள். குப்புறப் படுத்தால் அவனுக்கு இடது தோள் பிடித்துக்கொள்ளும், மார்புக்குக் கீழே ஒரு தலையணை வைக்க வேண்டும், அதுவும் பழைய தலையணை. அது யாருக்குத் தெரியும் அங்கே? நீங்கள் வேண்டுமானால் ஒரு போலீஸ்காரரை என்கூட அனுப்புங்கள். நான் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். என்னைப் பார்த்தால் அவனுக்கே கொஞ்சம் தைரியம் வரும்.