அந்தத் தண்ணீர் எங்கே போனது?

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே! காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை நகர்வதில்லை என்று கங்கணம் கட்டியிருக்கும் பெரியோர்களே! அந்தக் காற்றின் மிச்சம் மீதிக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே! நிகழ்ச்சி நிரலை விசிறியாக மடித்து, அதற்காவது ஒரு பயனைக் கண்டுபிடித்துவிட்ட தங்கைகளே! உள்ளே வரவும் மனமில்லாமல், வெளியே போகவும் மனமில்லாமல், கதவை அகலத் திறந்து பிடித்து நிற்கும் தம்பிகளே! எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! இந்தப் புழுக்கத்திலும் புளிக்காத என் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு, "மழைக்கால ஈரமும் வீட்டு ஏசியும்." தந்துவிட்டுச் சொன்னார்: "யார் மனசும் நோகாம, நல்லதா நாலு வார்த்தை பேசுங்கம்மா." நல்லதாகவே பேசுகிறேன். நோவதும் நோகாததும் அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

பேசத் தொடங்குமுன் ஒரு சந்தேகம். எனக்குப் பின்னால், இந்தத் திரைச்சீலைக்கு அப்பால், டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது என்ன? செயலாளர் ஏன் நெளிகிறார்? ஓ, மண்டபத்து ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா? குழாய்க்கு அடியில் வாளி வைத்து, வாளி தெரியாமல் திரை போட்டு மறைத்திருக்கிறீர்களா? விருந்தாளிகள் பார்த்தால் வெட்கக்கேடு என்றா? அந்த வாளியை இங்கே கொண்டு வாருங்கள். அங்கே வேறு பாத்திரம் வையுங்கள். ஆமாம், மேடைக்குத்தான்! தலைவர் அவர்களே, சற்று நகர்ந்துகொள்ளுங்கள். இன்று மாலை இந்த மேடையில் நம் எல்லாரையும்விட அதிகம் உழைத்தது இந்த வாளிதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதில் என்ன இருக்கிறது? தண்ணீர். எங்கிருந்து வந்தது? குழாய்த் தண்ணீரா, கூரைத் தண்ணீரா? இல்லை ஐயா. நீங்களும் நானும் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்த காற்றிலிருந்து வந்தது! ஈரம் சுமந்த காற்று ஏசிக்குள் போய்க் குளிர்ந்த சுருளில் படுகிறது. பட்ட ஈரம் தண்ணீராகிச் சொட்டுகிறது. உலர்ந்த காற்று திரும்ப நம்மிடம் வருகிறது. குளிர வைப்பது ஏசிக்குப் பாதி வேலை, உலர வைப்பது மீதி வேலை. விதைக் கிடங்கில் தலைநரைக்கும்வரை வேலை பார்த்தவள் நான். குளிர் மட்டும் கொடுத்து ஈரத்தை விட்டுவைத்தால் மூட்டை மூட்டையாக விதை பூஞ்சணம் பூத்துப் போவதைக் கண்ணால் பார்த்தவள். விதைக்குப் பொருந்துவது வீட்டுக்குப் பொருந்தாதா?

பொருந்தாது என்றார் ஒரு மாமேதை! அவரைத்தான் முதல் வரிசையில் அமர்த்தியிருக்கிறார்கள்.

அண்ணா, முறைக்காதீர்கள். சின்ன வயதிலிருந்து பார்த்து அலுத்துப்போன முறைப்பு அது.

என் அண்ணன் இரும்புக்கடைக்காரர். கனமாக இருப்பது எதுவோ அதுதான் அவருக்குத் தரமானது. மகனுக்குக் குழந்தை பிறந்ததும், அந்தக் குழந்தை படுக்கும் அறைக்கு ஏசி வாங்கக் கிளம்பினார். அறை எவ்வளவு பெரியது? கட்டிலைப் போட்டு அலமாரியை வைத்தால், நடப்பவர் பக்கவாட்டில் நடக்க வேண்டும்! கடைக்காரர் சின்னதைக் காட்டினார். அண்ணன் ஏளனமாகச் சிரித்துவிட்டு, "இருக்கறதுலயே பெருசு எதுப்பா?" என்று கேட்டார். கல்யாண மண்டபத்துக்குப் பொருத்த வேண்டியதைக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டு, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த இராட்சதன் என்ன செய்தான்? போட்ட மாத்திரத்தில் உறுமினான், உறைய வைத்தான், உடனே ஓய்ந்தான். காற்று குளிர்ந்துவிட்டது, தன் கடமை முடிந்தது என்று கம்ப்ரஸர் நின்றுவிட்டது. ஈரத்தைப் பிழிந்து எடுக்க நேரம் வேண்டாமா? நின்று நிதானமாக ஓட வேண்டாமா? சுருளில் ஒட்டிய கொஞ்ச ஈரத்தையும், விடாமல் சுற்றிய விசிறி திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிட்டது. இதில் நம் மாமேதை, "சுத்தமான காத்து வரணும்" என்று ஜன்னலையும் ஒரு விரற்கடை திறந்து வைத்தார். மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

குளிர் இருந்தது. கூடவே பிசுபிசுப்பும் இருந்தது. தலையணை நசநசத்தது. அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. குழந்தைக்கு நெஞ்சில் கரகரவென்று இழுப்பு வந்தது.

அடுத்த வீட்டில் ஒரு தையல்காரர் குடியிருக்கிறார். அவர் வீட்டில் அறைக்கு அளவான சின்ன ஏசி. அதன் குழாய்க்கு அடியில் ஒரு வாளி, நாள்தோறும் நிறையும். என் அண்ணன் வீட்டுக் குழாய்க்கு அடியிலும் ஒரு வாளி, பேருக்கு ஈரமாகக் கிடக்கும். இதைப் பார்த்த அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? பால்கனியில் நின்று, தையல்காரர் காதுபடச் சொன்னார்: "மட்டமான சாமான் வாங்குனா இப்படித்தான் ஒழுகும். நம்மளத பாருங்க, ஒரு சொட்டு கீழ விழாது!"

கைதட்டுங்கள்! ஒழுகாததற்குப் பெருமைப்பட்ட ஒரே மனிதருக்கு ஓங்கிக் கைதட்டுங்கள்! வேலை செய்யாத ஆளைப் பார்த்து, வேர்க்கவே இல்லை, எவ்வளவு சுத்தமானவன் என்று மெச்சுகிற முதலாளி இவர்!

அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. அவர் மருமகள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே காத்துதானே? அவங்க வாளி நிறையுது, நம்ம வாளி காஞ்சு கிடக்கு. அப்ப அந்தத் தண்ணி எங்க போச்சு?"

எவ்வளவு எளிய கேள்வி! அதற்கு என்ன பதில் கிடைத்தது? "பெரியவங்க வாங்குனதுக்கு நொட்டை சொல்ற வேலை உனக்கெதுக்கு?"

அவள் விடவில்லை. "ரிமோட்டுல துளி படம் போட்டு ஒரு பொத்தான் இருக்கு மாமா. அத அழுத்துனா விசிறி மெதுவா ஓடி ஈரத்த எடுக்கும். ஒரு தடவ தாங்க, போட்டுப் பாக்கறேன்" என்றாள். ரிமோட் எங்கே இருக்கிறது? அதோ, அவர் சட்டைப் பையில்! இப்போதும் எட்டிப் பார்க்கிறது பாருங்கள். தூங்கும்போது தலையணைக்கு அடியில், விழித்திருக்கும்போது சட்டைப் பையில். ஏசி ஓடுவது மருமகள் அறையில், ரிமோட் வாழ்வது மாமனார் மார்பில்! தரவில்லை. கடைசிவரை தரவில்லை.

பிறகு சுவர் கறுத்ததற்குக் காரணம் தேடினார்கள். கிடைத்தது. யார்? மருமகள்! குழந்தைத் துணியை உள்ளே உலர்த்துகிறாளாம். அவள் வெளியே உலர்த்தினாள், சுவர் கறுத்துக்கொண்டேதான் இருந்தது. சுடுதண்ணீரில் குளித்துக் குளித்து வீட்டையே ஈரமாக்குகிறாளாம். அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள், சுவர் கறுத்துக்கொண்டேதான் இருந்தது. அப்போதும் என் அண்ணன் ஏசியைச் சந்தேகப்படவில்லை. "இவ வந்ததுலேருந்துதான் இந்த வீடு இப்படி ஆச்சு" என்றார். பெற்ற மகன், என் அருமை மருமான், செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. இழுக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஏசி இல்லாத அந்த வீட்டில் குழந்தைக்கு மூச்சு சீராக வருகிறது. இவரோ, "போனவளே வரட்டும்" என்று விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

அந்தத் தண்ணீர் எங்கே போனது அண்ணா? சுவருக்குள் போனது! தலையணைக்குள் போனது! உங்கள் பேரக்குழந்தையின் நெஞ்சுக்குள் போனது! கடைசியாக, வாய் திறந்து கேட்ட ஒரே ஒருத்தியின் கண்ணுக்குள் போனது! இயந்திரம் தன் வேலையைச் செய்யவில்லை என்று வாளி சாட்சி சொன்னது. நீங்களோ வாளியை நம்பவில்லை, வீட்டுக்கு வந்த பெண்ணையும் நம்பவில்லை. விலைக்கு வாங்கிய தகரத்தை நம்பினீர்கள்!

பின்வரிசையில் யாரோ, "குடும்ப விஷயத்த மேடையில பேசலாமா?" என்கிறார். பேசலாம் ஐயா. பால்கனியில் நின்று ஊருக்கே கேட்கும்படி பெருமையடித்தவருக்குப் பதிலும் ஊருக்கே கேட்கட்டும்.

அண்ணா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? கோபமா? வாசலுக்குப் போகாமல் மேடைக்கு வருகிறீர்களே! வழி விடுங்கள் தலைவர் அவர்களே. ஒலிபெருக்கி வேண்டுமா? வேண்டாமா?

எல்லாருக்கும் தெரியவில்லை, நான் சொல்கிறேன். ரிமோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இந்த மேசையில் வைக்கிறார். "போதும்மா. இத நீயே அவகிட்ட குடுத்துரு" என்கிறார்.

அண்ணா, நான் தொட மாட்டேன். அவள் கேட்டது உங்களிடம். நீங்களே கொண்டுபோய் அவள் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது, "நீ கேட்டது சரிதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதைச் சொல்லுகிற பொத்தான் எந்த ரிமோட்டிலும் கிடையாது. பெரிய ஏசியைக் கூடத்துக்கு மாற்றுங்கள். அறைக்கு அளவானதை மாட்டி, ஜன்னலைச் சாத்துங்கள். போங்கள், இப்போதே போங்கள். தம்பிகளே, கதவைப் பிடித்தபடி நின்றதற்கு இன்று முதல்முறையாகப் பயன் வந்திருக்கிறது, அவருக்கு வழி விடுங்கள். அவர் போனதும் கதவைச் சாத்துங்கள், ஈரம் உள்ளே வருகிறது.

போகிறார். அண்ணியும் கூடவே போகிறார். செல்போனை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அவர்கள் மகனும் ஓடுகிறான், தாமதமாகவாவது.

இனி எனக்கு இங்கே வேலையில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், வாளிக்காக நகர்ந்துகொண்ட தலைவருக்கும், என்னை அழைத்துவிட்டு இப்போது வேர்த்துக்கொண்டிருக்கும் செயலாளருக்கும் என் நன்றி. எனக்கு நீங்கள் தந்த பூங்கொத்தை இந்த வாளியில் வைக்கிறேன். நாளைக்கு அவரவர் வீட்டு வாளியைப் போய்ப் பாருங்கள். அது காய்ந்து கிடந்தால் வீட்டில் யாரையும் திட்டாதீர்கள். வணக்கம்.