வலி இல்லாம வர்றவங்க

இல்ல சாமி, பேசாதீங்க. வாயைத் தொறந்தா நான் வச்ச பல்லு மறுபடி கையில வந்துரும். துணியை நல்லாக் கடிச்சிக்கினு கம்முனு ஒக்காருங்க. ஆமான்னா தலையை ஆட்டுங்க, இல்லன்னா கையை ஆட்டுங்க, அது போதும். மந்திரம் சொல்லிச் சொல்லிப் பழகின வாயி, இன்னிக்கி ஒரு நாள் சும்மா இருக்கட்டும்.

ரத்தத்தைப் பாத்து பயப்படாதீங்க. எச்சில் கலந்தா கொஞ்சம் ரத்தமே நெறையாத் தெரியும். தலை சுத்துதா? வாந்தி வர்ற மாதிரி இருக்குதா? இல்லையா, சரி. உழுந்தப்ப நெனவு தப்பலைல்ல? அப்ப பல்லோட போச்சு.

கோயில் படியில எண்ணெயைச் சிந்தி, தொடைக்காம உட்டது யாருன்னு அப்புறமா நான் கேட்டுக்கறேன். அந்த மகேந்திராவைப் பாத்தீங்களா, கமிட்டித் தலைவரு? உங்க முன்பல்லு மண்ணுல கெடக்குது, அதை எடுத்து வேட்டி முனையில தேய் தேய்னு தேய்க்கப் பாக்கறாரு. இன்னொருத்தி விபூதியை வச்சு ஓட்டையை அடைக்கலாங்கறா. நான் கத்தின கத்துல உள்ள அம்மனே முழிச்சிருப்பா. வேர்ப் பக்கம் கை படவே கூடாது சாமி. அதுல தோல் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. அதைத் தேச்சுட்டா அப்புறம் பல்லு ஒட்டாது. கடிக்கிற பக்கத்தைப் புடிச்சு, லேசா ஒரு அலசு அலசி, ஒடனே இருந்த எடத்துலயே வச்சிரணும். வைக்க முடியலன்னா பால்ல போட்டுக்கினு ஓடணும். காஞ்சிதோ, போச்சு.

என்ன மொறைக்கறீங்க? ஓ, அபிஷேகப் பால்ல அலசிட்டேன்னா? அம்மனுக்கு ஒரு சொம்பு கொறைஞ்சா ஒண்ணும் ஆவாது. அவளே வச்சுக் குடுத்தான்னு நெனச்சிக்கங்க.

அய்யய்யோ, சிரிக்காதீங்க! என் தமிழுக்கா சிரிக்கறீங்க? நீங்க மெட்ராஸ்ல இருந்து வந்தவரு, உங்களுக்கு இது சிரிப்பாத்தான் இருக்கும். எங்கப்பா பேசினது இதுதான். இந்தத் தீவுல தமிழ் பேச ஆளே இல்லாம துரு ஏறிப் போயிருக்குது. வண்டி ஓட்டறானே ஷிவ்நேஷ், இவனும் நம்ம ஆளுதான், ஆனா தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. எல்லாம் இந்திதான். ஏ ஷிவ்நேஷ், நீ மகா சோம்பேறி! பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்கல. நல்லதாப் போச்சு. நம்ம ரெண்டு பேரு பேச்சு நமக்குள்ளயே இருக்கும்.

முன்னாடி கரும்பு லாரி வரிசை. மில்லு வரைக்கும் இப்படித்தான் நவுரும். கடிச்ச கடியை உட்டுராதீங்க.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா? நசியா டவுன்ல கார்டன் டாக்டர் பல்லு ஆஸ்பத்திரி வச்சிருந்தாரு, அங்கதான் நான் வேலை. பேர் கூப்புடறது, ஊசி கொதிக்க வைக்கறது, பயப்படறவங்க கையைப் புடிச்சிக்கறது, எல்லாம் நான்தான். தாயம்மா கையைப் புடிச்சா வலிக்காதுன்னு ஜனங்க சொல்வாங்க. எம்பத்தேழுல பட்டாளம் மொத தடவை ஆட்சியைப் புடிச்சிச்சே, அப்பத்தான் நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். அதுவரைக்கும் எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் கன்னத்தைப் புடிச்சிக்கினு அழுதுக்கினுதான் வருவாங்க. யாராச்சும் வலி இல்லாம பல்லு டாக்டர்கிட்ட வருவாங்களா? வந்தாங்க சாமி. சட்டை எல்லாம் இஸ்திரி போட்டுக்கினு, புருஷன் பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து, சொத்தை ஓட்டை எல்லாத்தையும் அடைச்சு உட்ருங்க டாக்டர், ஆடற பல்லைப் புடுங்கிருங்கன்னு மெதுவாச் சொல்வாங்க. கொஞ்ச நாள்ல அந்த ஊடு பூட்டியிருக்கும். பட்டாளத்துக்கு பயந்து கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு போயிருப்பாங்க. அங்கெல்லாம் பல்லுக்கு காசைக் கொள்ளையடிப்பாங்களாம், அதனால போறதுக்கு முன்னாடி வாயை இங்கயே சரி பண்ணிக்குவாங்க. பாஸ்போர்ட்டு ஆபீஸுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும், யாரு போறாங்கன்னு. வெளிய சொன்னதில்ல.

போன வருஷம் திரும்பவும் கொஞ்ச பேரு துப்பாக்கியைத் தூக்கிக்கினு பார்லிமெண்டுக்குள்ள பூந்தாங்க இல்ல, அப்ப இன்னும் கூட்டம். கார்டன் டாக்டர் சொன்னாரு, தாயம்மா, யாரு போனாலும் நான் போவல, நீ பயப்படாத. நான் நம்பினேன். அப்புறம் ஒரு திங்கக்கெழம வேலைக்குப் போறேன், கதவுல பெரிய பூட்டு. என் டீ கிளாஸும் செருப்பும் உள்ளயே மாட்டிக்கிச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நான் என்ன காலைப் புடிச்சா இழுக்கப் போறேன்? இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா பத்திக்கினு வருது.

சரி, அவரு அந்நியன். அவரை உடுங்க.

எங்க ஊட்டுக்காரரு இருக்காரே, அவருக்கு எடது பக்கம் கடவாப் பல்லு சொத்தை. பத்து வருஷம் கிராம்பு எண்ணெயிலயே ஓட்டினாரு. ஊசின்னா அவ்வளவு பயம். போன வருஷம் அந்தக் கலாட்டா சமயத்துல பொசுக்குனு வீங்கிச்சு. வலி இருந்தா ஒரு நாள் தாங்கலாம் சாமி. வீக்கம் கண்ணுக்கு ஏறினாலோ கழுத்துக்கு எறங்கினாலோ தாங்கக் கூடாது. காய்ச்சல் வந்து, வாயைத் தொறக்க முடியாம, எச்சில் முழுங்க முடியாமப் போச்சுன்னா, ஆளே போயிரும். அவருக்கு கழுத்துக்கு எறங்கிருச்சு. ரோட்ல பட்டாளம் நின்னுக்கினு வண்டியெல்லாம் மறிக்குது. நான் எறங்கிப் போயி கையெடுத்துக் கும்பிட்டேன். என் புருஷன் சாவறாருன்னு கத்தினேன். உட்டாங்க. டாக்டர் சீழை எடுத்து உசுரைக் காப்பாத்தினாரு. பல்லையும் புடுங்கிக்கச் சொன்னதுக்கு மட்டும், செத்தாலும் மாட்டேன்னுட்டாரு. எல்லாரும் போயிட்டாலும் நீயும் நானும் நம்ம ஊரு புலிலேகாவுலயே கெடப்போம் தாயம்மான்னு, அந்த வீங்கின வாயோட சொன்னாரு. அதை நம்பித்தான் எங்கண்ணன் பிரிஸ்பேனுக்குக் கூப்புட்டப்பகூட நான் மாட்டேன்னேன்.

இல்ல, இருங்க, இன்னும் முடியல. மில்லு தாண்டிட்டோம், தோ வந்துரும்.

போன மாசம் கடல் தாண்டி சபேட்டோவுல இருக்கற அவரு தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு போனாரு. கல்யாண வேலையாம். திரும்பி வந்தாரு. ஒரு நாளு வாசல்ல ஒக்காந்து கரும்பு கடிக்கறாரு, நான் சோத்தை வடிச்சிக்கினே பாக்கறேன். எடது பக்கம் கடிக்கறாரு சாமி. பத்து வருஷமா அந்தப் பக்கம் சோறுகூட மென்னதில்ல. மத்தியானம் வாயைத் தொறந்துக்கினு தூங்கினாரு, டார்ச் அடிச்சுப் பாத்தேன். அந்த சொத்தைப் பல்லு இல்ல. அந்த எடத்துல கட்டுப் பல்லு. மத்தது எல்லாம் அடைச்சு, கறை எடுத்து, பளபளன்னு இருக்குது. வேலையில குத்தமே சொல்ல முடியாது.

ஊசிக்கு பயந்தவரு. நான் கையைப் புடிச்சும் ஒக்காராதவரு. எங்கயோ போயி, யாரு கையையோ புடிச்சிக்கினு ஒக்காந்திருக்காரு.

தோ பாருங்க என் வாயை. பாத்தீங்களா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு ஓட்டையும் அப்படியே இருக்குது. ரெண்டு பேரும் போறதா இருந்தா எனக்கும் அடைச்சிருக்கணுமா இல்லையா? நீயும் வா தாயம்மா, பல்லைப் பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை வந்திருக்கணுமா இல்லையா?

நான் அவரை ஒண்ணும் கேக்கல. கேட்டா பொய் சொல்வாரு, அதையும் நான் கேக்கணும். ஆனா கோயில் பக்கமே வராத மனுஷன் சட்டைப் பையில, வெள்ளிக்கெழம துவைக்கறப்போ, குங்குமப் பொட்டலம் இருந்துச்சு. உங்க கோயில் பொட்டலம். பயணத்துக்கு முன்னாடி அர்ச்சனை பண்றது இங்க எல்லாரும் செய்யறதுதான். நீங்க தலையைக் குனியாதீங்க, ரத்தம் முன்னாடி வரும். நிமிருங்க.

நான் இதுவரைக்கும் அவரு பேரை வாயால சொன்னதில்ல. இன்னிக்கி சொல்றேன். வெங்கடசாமி. அந்தப் பேருக்கு அர்ச்சனை பண்ணீங்களே, கூட தாயம்மான்னு ஒரு பேரு சொன்னாரா? பேசாதீங்க. ஒரு பேரா, ரெண்டு பேரா, வெரலைக் காட்டுங்க, போதும்.

ம்.

சரி, அந்த ஒத்த வெரலை மடக்கிக்கங்க. ஷிவ்நேஷ் பாக்கறான்.

ஆஸ்பத்திரி வந்துருச்சு. மெதுவா எறங்குங்க, என் தோளைப் புடிச்சிக்கங்க. உங்க பல்லு ஒட்டிக்கும் சாமி. காயறதுக்குள்ள வச்சிட்டோம்.