விரலால் நகர்த்திய வளைவு

எனக்குத் திசை தெரியாது ஐயா. பல் டாக்டர் அறையிலிருந்து வெளியே போகிறேன் என்று கதவைத் திறந்து, அவருடைய அலமாரிக்குள் நுழைந்தவன் நான். அதனால்தான் இந்தக் கருவியே.

போன் திரை என் கண்ணுக்குப் போதாதென்று டேப்லெட் வாங்கினேன். அதற்குள் ஜிபிஎஸ் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல், தீப்பெட்டி அளவில் தனியாக ஒரு ரிசீவர் வாங்கி, புளூடூத்தில் இணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போகிற இடமெல்லாம் திரையில் சிவப்புக் கோடாக விழும்.

"பால் வாங்கப் போனதுக்கெல்லாம் கோடா?" என்பாள் மனைவி.

அவளுடைய அக்கா கணவர், என் சகலை, ஒரு விருந்தில் அந்தக் கோடுகளை டிவியில் போட்டுக் காட்டினார். ஒரே ரவுண்டானாவை விடாமல் சுற்றியிருந்தேன்.

"சாவு வந்தாக்கூட உங்களைத் தேடி அலையணும் சகலை. எங்க இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாதே."

என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்று நினைப்பார்கள்.

எனக்கு வழி தெரிந்த ஒரே இடம் ஏரிக்கு அப்பாலுள்ள சதுப்பு நிலம். கோரைப்புல்லுக்குள் கெட்டியான தரை நாடாபோல் வளைந்து போகும். பலமுறை விழுந்து எழுந்து அதை முழுதாகப் பதிவு செய்திருந்தேன். பறவைகளைப் படம் எடுக்க அங்கே போகவேண்டுமென்று சகலை டேப்லெட்டையும் ரிசீவரையும் கேட்டார்.

"கோட்டு மேலயே நடந்தாப் போதும்ல?"

"போதும் சகலை. சின்னக் குழந்தைகூடப் போயிடும்."

கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு வளைவை விரலால் கொஞ்சம் இழுத்து வைத்தேன். செயலியில் அதற்கு வசதி உண்டு. முழங்கால்வரை சேறாகி வரட்டும், அடுத்த விருந்தில் அவருடைய கோட்டை நான் டிவியில் போட்டுக் காட்டலாம், அவ்வளவுதான் என் எண்ணம். கொலை என்பதெல்லாம் பெரிய வார்த்தை. திட்டம் போடத் தெரிந்தவன் ரவுண்டானாவை விட்டு வெளியே வந்திருக்க மாட்டானா?

அங்கே ஆழம் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். முந்தின வாரம் என்னைவிட உயரமான ஒரு கம்பை விட்டுப் பார்த்தேன். கையிலிருந்து நழுவிப் போனது. நுனிகூடத் தெரியவில்லை.

அவர் போன அன்று காலையில் பனிமூட்டம். அவர் போன் செய்தார்.

"சகலை, இடுப்பு வரைக்கும் இறங்கிட்டேன். காலை இழுக்க முடியல. பின்னாடி திரும்பவா? எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

குரலில் கேலி இல்லை. என்னிடம் அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை.

"கோட்டை விடாதீங்க. நேராப் போங்க" என்றேன்.

சட்டையெல்லாம் சேறாக வந்து நிற்பார், எல்லோருமாகச் சிரிக்கலாம் என்று வாசலிலேயே காத்திருந்தேன். வருவார் என்று மனதார நம்பினேன் ஐயா. மறுபடியும் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று போனை மட்டும் அணைத்து வைத்திருந்தேன்.