கொத்தனார் வருவதற்கு முந்தின நாள்

சின்னவள்: அக்கா, படகு போகுது!

பெரியவள்: கத்தாதேடி. பறவை முட்டை மேல உக்காந்திருக்கு.

சின்னவள்: போகுதுக்கா...

பெரியவள்: தெரியுது.

சின்னவள்: கையையாவது ஆட்டுங்க.

பெரியவள்: நீ ஆட்டு. எனக்குத் தோள்பட்டை வலி.

சின்னவள்: எனக்கும்தான்.

பெரியவள்: உனக்கு எப்போலேர்ந்து?

சின்னவள்: இப்போதான் ஆரம்பிச்சுது.

பெரியவள்: சரி, உக்காரு. இனி சாயங்காலம் கடைசிப் படகுதான்.

சின்னவள்: பிள்ளைங்க, சாப்பாட்டுக் கூடை எல்லாம் அதுல போயாச்சு. ஓரகத்தி ரெண்டு பேரும் தீவுல! நம்மைக் காணோம்னு அண்ணன் தம்பி ஒருத்தருக்குமா தெரியலை?

பெரியவள்: எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரர் படகுல முன்னாடி. என் கொழுந்தன் பின்னாடி. நான் உன்கூடப் பின்னாடி இருக்கேன்னு இவர் நினைப்பார். நீ என்கூட முன்னாடி இருக்கேன்னு அவர் நினைப்பார்.

சின்னவள்: ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே.

பெரியவள்: யாரு, யார்கிட்ட?

சின்னவள்: ...ஆமால்ல.

பெரியவள்: காலையில தண்ணி பாட்டில் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? உன் வீட்டுக்காரர் உன்கிட்ட சொல்லி, நீ என்கிட்ட சொல்லி, நான் இவர்கிட்ட சொல்லி... 

சின்னவள்: மாமா கால்கிட்டதான் இருந்துச்சு பாட்டில்.

பெரியவள்: "இந்தா"ன்னு ஒரு சொல். வாய் வரலையே!

சின்னவள்: பட்டறையில பழைய லேத்தை விக்கலாமா வேண்டாமான்னு ஆரம்பிச்சது...

பெரியவள்: வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்புறதுல வந்து நிக்குது. செங்கல் இறங்கியாச்சு. நாளைக்குக் கொத்தனார் வந்துடுவார்.

சின்னவள்: சமையல்கட்டு உங்க பக்கம். குழாய் எங்க பக்கம்.

பெரியவள்: நான் வறுக்கிறேன், நீ கழுவு. சுவத்துல ஒரு ஓட்டை போட்டுக்கலாம்.

சின்னவள்: சிரிக்காதீங்கக்கா. எனக்கு அழுகை வருது.

பெரியவள்: அழுதாலும் மெதுவா அழு. பறவை இருக்கு.

சின்னவள்: சரி, ஒரு போன் போடுங்க. என் போன் பெரிய பையன்கிட்ட. விளையாடிட்டு இருப்பான்.

பெரியவள்: யாருக்குப் போட? அவர் போனும் என் பையில இருக்கு.

சின்னவள்: மாமா போன் உங்ககிட்ட எதுக்கு?

பெரியவள்: அலை அடிச்சா நனைஞ்சிடும்னு வாங்கி வச்சேன்.

சின்னவள்: அலையே இல்லையே.

பெரியவள்: வந்தா?

சின்னவள்: அப்போ எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க.

பெரியவள்: அவங்களே போடட்டும். விட்டுட்டுப் போனவங்க அவங்கதானே.

சின்னவள்: எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. அந்தப் படகுக்காரர் தலையை எண்றதில்லை. இறங்கும்போது ஆளுக்கொரு நம்பர் போட்ட டோக்கனைப் பலகையில மாட்டணும், ஏறும்போது எடுத்துக்கணும். ஆணியில ஒரு டோக்கன் தொங்கினாலும் படகை எடுக்க மாட்டேன்னாரே.

பெரியவள்: சொன்னார்.

சின்னவள்: நாமளும் மாட்டினோம்.

பெரியவள்: மாட்டினோம்.

சின்னவள்: அப்புறம் எப்படிப் போச்சு?

பெரியவள்: காத்துல விழுந்திருக்கும்.

சின்னவள்: தகர டோக்கன்க்கா அது.

பெரியவள்: பெரிய காத்தா இருக்கும்.

சின்னவள்: ஒரு இலை அசையலை இங்க... நடுவுல நீங்க படகுத்துறைக்குப் போனீங்களே, எதுக்கு?

பெரியவள்: செருப்புல மணல். தட்டப் போனேன். நீயும்தான் அப்புறம் போனே.

சின்னவள்: முகம் கழுவ.

பெரியவள்: பொட்டு கலையாம கழுவியிருக்கே.

சின்னவள்: ...போன் அடிக்குதுக்கா!

பெரியவள்: யாருன்னு பார்.

சின்னவள்: எங்க வீட்டுக்காரர். எடுங்க, சீக்கிரம்.

பெரியவள்: ரெண்டு தடவை அடிக்கட்டும்... ஹலோ? தம்பி... ஐயோ, நீங்களா!

சின்னவள்: யாரு?

பெரியவள்: உங்க மாமா. உன் வீட்டுக்காரர் போன்ல!

சின்னவள்: கேட்டு வாங்கினாரா? பிடுங்கினாரா?

பெரியவள்: இரு... ஆமாங்க, பத்திரமா இருக்கோம். நிழல்லதான்... நான் என்ன பண்ணட்டும், நீங்கதான் திரும்பிப் பார்க்கலை... சரி... அங்க என்ன சத்தம்?

சின்னவள்: என்னக்கா?

பெரியவள்: சண்டை போடுறாங்க.

சின்னவள்: ஐயையோ. யாரு?

பெரியவள்: அண்ணனும் தம்பியும். யார் விட்டுட்டு வந்ததுன்னு.

சின்னவள்: நேருக்கு நேரா?

பெரியவள்: நேருக்கு நேர்!

சின்னவள்: இங்க குடுங்க, நானும் கேக்கிறேன்... திட்டுறார்க்கா! எங்க வீட்டுக்காரர் திட்டுறார்!

பெரியவள்: திட்டட்டும், திட்டட்டும்.

சின்னவள்: ஷ்ஷ்... "அண்ணே, போனைக் குடு, நான் பேசுறேன்"...

பெரியவள்: என்ன சொன்னார்? மறுபடி சொல்லு.

சின்னவள்: அண்ணேன்னார்க்கா.

பெரியவள்: அண்ணேன்னா!

சின்னவள்: நீங்க ஏன் இப்போ மூக்கை உறிஞ்சுறீங்க? பறவை இருக்கு.

பெரியவள்: போடி. வை போனை. பேசி முடிக்கட்டும். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கரையில அவங்க ரெண்டு பேரும்தான். பிள்ளைங்களுக்குச் சோறு போடணும், கை கழுவி விடணும். சொல்லி அனுப்ப நாம இல்லை.

சின்னவள்: மாமா கேட்டா என்ன சொல்வீங்க?

பெரியவள்: காத்து.

சின்னவள்: கடைசிப் படகுல ஏறும்போது டோக்கன் கேட்பாங்களே.

பெரியவள்: கேட்பாங்க... சரி, முந்தானை முடிச்சுல என்ன வச்சிருக்கே? காட்டு.

சின்னவள்: நீங்க முதல்ல.

பெரியவள்: இந்தா. உன்னோடது. ரெண்டையும் எடுக்கத்தான் போனேன். படகுக்காரர் திரும்பிட்டார். கைக்கு வந்ததோட ஓடி வந்துட்டேன். என்னோடது அங்கேயே தொங்குது, படகு எங்க போகப்போகுதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்... சொல்லேன்டி, எப்படிப் போச்சு?

சின்னவள்: இந்தாங்க, உங்களோடது. நானும் ரெண்டையும் எடுக்கத்தான்க்கா போனேன்... நம்மளோடது ஆணியில ஒண்ணுதான் தொங்கிட்டு இருந்துச்சு.