சாவி இருக்கிறது, பூட்டைக் காணோம்

மேடையில் அமர்ந்திருக்கும் பூங்கா முதலாளி அவர்களே, மேலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அண்ணி அவர்களே, இன்று எந்த விளையாட்டையும் ஓட்டாமல் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் பராமரிப்புத் தலைவரை இழந்து நிற்கிறோம். 'சந்தேகம்' என்று நாம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அவர் காதுக்கும் போகும், சிரித்துக்கொள்வார்.

ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் அடிபடுவது எதனால்? தலையெழுத்தாலா? இல்லை என்றார் நம் தலைவர். உயரம் போதாத பிள்ளையை "ஒரு சுத்துதானே" என்று ஏற்றிவிடுவதால். தேய்ந்த போல்ட் இன்னும் தாங்கும் என்று நம்புவதால். கூட்டம் நிற்கிறதென்று அவசரப்படுவதால். ஒருநாள் மேலாளர் தம் மகளை உட்காரவைத்து, இருக்கைக் கம்பியை இறக்கி, "மாட்டியாச்சு" என்றார். இவர் போய் இழுத்தார். கம்பி கையோடு வந்தது.

"என்னையே நம்ப மாட்டியாய்யா?"

"உங்களை நம்புறேன் சார். கம்பியைத்தான் நம்பலை."

அப்படிப்பட்டவர் எண்ணெய் போட உள்ளே இறங்கியிருந்தபோது ராட்டினம் சுற்றிவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்தவர், வேறு யாரும் அதைப் போட முடியாதபடி தம் பூட்டைப் போடாமல் இறங்கிவிட்டாராம், அவருடைய கவனக்குறைவாம். நிர்வாகம் சொல்கிறது. "உங்கப்பா அசந்துட்டாராமே" என்று அவர் மகளிடமே தெருவில் கேட்கிறார்கள். அவரா அசந்தார்? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனுஷன் அவர். அண்ணியைக் கேளுங்கள்.

நேற்று அண்ணி அவருடைய வேலைச் சட்டையை என்னிடம் காட்டினார். பையில் அந்தப் பூட்டின் சாவி இருந்தது. தோழர்களே, அந்தப் பூட்டு உங்களுக்குத் தெரியும். திறந்திருந்தால் சாவி அதிலிருந்து வெளியே வராது. பூட்டினால்தான் வரும். வேறு சாவியும் கிடையாது. அப்படியென்றால் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். பூட்டை அறுத்தது யார்? அறுக்கச் சொன்னது யார்? அறுபட்ட பூட்டு எங்கே போனது? அன்று நான் விடுப்பில் இருந்தேன். வாசலில் வரிசை நீண்டு நின்றது என்று மட்டும் கேள்வி.

மேலாளர் தண்ணீர் குடிக்கிறார், குடிக்கட்டும். நான் யார் மீதும் பழி போடவில்லை. கம்பியை இழுத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

தலைவரே, உங்கள் வேலையை நாங்கள் தொடர்வோம். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்ப்போம். அந்தப் பூட்டு எங்கள் கண்முன் வரும்வரை ராட்டினத்தைச் சுற்ற விடமாட்டோம். சாவியை அண்ணி என்னிடம்தான் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. "நீங்களே வச்சிருங்க அண்ணி, என்னையும் நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.