கமலாசனி அம்மாவின் கையெழுத்து

படத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் நான் படம் அனுப்பும் இணையக் கடை எந்தப் படத்தையும் அச்சிட்டு விற்காது. நல்ல விதி அது. நான் ஒருநாளும் மீறியதில்லை.

புதுக்குடியிருப்பில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். 2002இல் சண்டை நின்று, சமாதான காலத்தில் பாதை திறந்ததும், மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போய் அந்தக் கடைக்குப் படங்களை அனுப்புவேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள். அதிகம் போனது கமலாசனி அம்மாவின் படம். பஸ் நிலையத்தில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி இருப்பார். களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு போன மகன் செந்தூரனிடமிருந்து ஏழு வருடமாகத் தகவல் இல்லை.

நான் கையெழுத்துக் கேட்டபோது, "என்ரை மூஞ்சியை ஆர் தம்பி வாங்கப் போகினம்?" என்று சிரித்தார்.

"எங்கையாவது உங்கடை மகன் காணலாம், அம்மா" என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவார். "ஆரும் கண்டு எழுதினவையே?" என்று கேட்பார். இல்லை என்பேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் இருப்பார். எனக்கென்று யாரும் இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வியாழக்கிழமையே கடையைக் கூட்டிக் கழுவிவிடுவேன்.

2005 மாசியில் கடை மூலம் ஒரு கடிதம் வந்தது. "படத்திலை இருக்கிறது என்ரை அம்மா. எங்கை இருக்கிறா? கூட்டிக்கொண்டு போக வாறன்." செந்தூரன்தான். அம்மாவின் வலது புருவத் தழும்பைக்கூடச் சரியாகச் சொல்லியிருந்தான். அம்மா வராத வெள்ளிக்கிழமையை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவசரப்படாமல், ஆறுதலாக யோசித்துத்தான் பதில் எழுதினேன். அம்மா சுனாமியில் போய்விட்டார் என்று எழுதினேன். முல்லைத்தீவில் எத்தனையோ பேர் அப்படிப் போயிருந்தார்கள், நம்புவதற்குக் கஷ்டமில்லை. சுனாமி பூரணையன்று வந்தபடியால் திதி பார்த்துச் சொல்லும் சிரமமும் இருக்கவில்லை. திவசத்துக்கு மாலை போட்டு வைக்க, அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று கேட்டான். பெரிய அளவுக்கு என் அனுமதி தேவை என்று கடை எழுதியது. கொடுத்தேன். என் பங்கு வேண்டாம் என்றும் எழுதினேன். அவனை நினைக்கப் பாவமாக இருந்தது.

அடுத்த வெள்ளி அம்மா கேட்டபோது, வழக்கம்போல் இல்லை என்றேன்.

மறுவருடம் காய்ச்சலில் விழுந்தார். நான்தான் கஞ்சி பருக்கினேன். "எனக்கு நீதான் கொள்ளி வைக்கவேணும், தம்பி" என்றார். வைத்தேன். மொட்டை அடித்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பிள்ளை இல்லாத குறையை நான் அவருக்கு வைக்கவில்லை.