போகப்போற பிள்ளை

— அப்ப, நான் செய்த சோலார் இன்வேர்ட்டருக்கு நபீஸோ பொறுப்பு? அவர் மார்க்கெட்டிங் எல்லோ படிச்சவர், ஹாஜியார்!

— சத்தம் போடாதீங்க உஷாந்தி. கீழ வேல செய்ற பொடியன்மாருக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். அந்த சேர்க்கிட்டை ஆர் வரைஞ்சது, எரிய எரிய ஆர் திருப்பிச் செய்தது எண்டு அவையளுக்குத் தெரியும். உங்கட ராத்தான்ர மகன், உங்கட மருமகன் எண்டதைத் தவிர நபீஸுக்கு என்ன தகுதி?

— மூளைன்டா ஒங்கட மூளதான், நான் இல்லன்டு செல்லல்லயே. ஆனா மகள், இன்வேர்ட்டர் செய்ற புது செக்‌ஷனுக்குத் தலைமைன்டா இங்கயே நிக்கிற ஆள் வேணும். நீங்க போறவங்க.

— நான் எங்க போறன்?

— வெளிநாட்டுக்குத்தான். கிருபாகரன என்ட மகன் மாதிரி வெச்சிருந்தேன். இந்தக் கொட்டாஞ்சேனப் பட்டறையில தொழில் பழகிட்டு கனடாவுக்குப் பறந்தான். பொறகு நிரோஷன். டோஹாவில ஈந்து போட்டோ அனுப்புறான். பாக்கப் பாக்க வயிறு எரியுது எனக்கு.

— அவை போனதுக்கு எனக்கோ தண்டனை?

— எல்லா இஞ்சினியரும் போறதுதானே! இந்த நாட்டில என்ன ஈக்கி, நிக்கிறதுக்கு?

— உங்கட பட்டறை இருக்கு! அதை நம்பித்தான் நான் நிண்டனான். வெள்ளவத்தையில மீன் வாங்கப் போனாலும் ஒரே கேள்வி, "பிள்ளை எப்ப வெளிக்கிடுறாய்?" பாங்கில லோன் கேட்டா மனேஜரும் அதைத்தான் கேக்கிறான். அம்மா லண்டன் மாப்பிள்ளை பேசிக்கொண்டு வந்தா. வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனான், ஹாஜியார். இஞ்சயே ஒரு சாமானை நாங்களாச் செய்து விக்கலாம் எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். சொந்தக்காரர் எல்லாம் எனக்கு விசர் எண்டு கதைக்கினம்.

— இப்புடி ஒரு எண்ணம் ஒங்களுக்கு ஈக்கிதுன்டு எனக்குத் தெரியாதே.

— கேட்டனீங்களோ ஒரு நாளாவது? நீங்களாவே என்னை பிளேன் ஏத்திப்போட்டியள்!

— சரி, சரி. இந்த பிளேன்டீயக் குடிங்க. நபீஸுக்கிட்ட நான் செல்லிக்கொள்றேன். செக்‌ஷன் ஒங்களுக்குத்தான்.

— உண்மையாவோ?

— அல்லாஹ் அறிய உண்மை. ஒரே ஒரு விஷயம், மகள். என்ட மனசுக்கு ஒரு தைரியம் வேணும். ஒங்கட பாஸ்போட்டக் கொண்டந்து என்ட அலுமாரியில வைங்க. அஞ்சு வருஷம், பத்திரமா ஈக்கும்.

— என்ர பாஸ்போட்டையோ?

— எனக்கு வேற என்ன பிணை ஈக்கி? தப்பா எடுக்காதீங்க. நாளைக்குக் கொண்டு வாறீங்களா?

— ஏலாது, ஹாஜியார்.

— பாத்தீங்களா! அப்ப போற எண்ணம் ஈக்கித்தானே!

— என்னட்டப் பாஸ்போட்டே இல்லை. இவ்வளவு காலமும் அதுக்கு ஒரு தேவை இருக்கெண்டு எனக்குத் தோன்றேல்லை. நாளைக்குக் காலமை போய் எடுக்கப்போறன், உங்கட அலுமாரிக்கு இல்லை.